ஜூன் 24-க்கு எதற்கு லீவு?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டி உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வேலை நாளென்றும் பாராமல் அஸ்தம்பட்டி வரை வந்து நாற்காலி பிடித்திருக்கும் சேலத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஒரு நாள் மக்கள் மனத்தில் நிற்பது விடுமுறையாலா, இசையாலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகத்தான் பேசினார். இன்றைய தேதியையே எடுத்துக்கொண்டார். ஜூன் 24, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனித யோவான் பிறந்த திருநாள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அன்று அரசு விடுமுறை. பெரு நாட்டின் குஸ்கோவில் சூரியனுக்கு இந்தி ராய்மி விழா. கோவாவில் சான் ஜுவாவ் என்று கிணற்றில் குதிக்கிறார்கள். "நமக்கு மட்டும் லீவு இல்லை, அதனால் நம் ஊரில் இந்தத் தேதி யாருக்கும் தெரியாது" என்று முடித்தார்.

யாருக்கும் தெரியாதாம்! அண்ணே, இந்த மண்டபத்து வாசலில் மாலை போட்டு வைத்திருக்கும் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வந்தீர்கள்? 1927 ஜூன் 24, கண்ணதாசன் பிறந்த நாள். அடுத்த ஆண்டு அதே ஜூன் 24, எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த நாள். ஒருவர் காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி, இன்னொருவர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. ஒரு வருஷ இடைவெளி, ஒரே தேதி. தினசரி காலண்டரில் இந்தத் தாள் கறுப்பு மையில்தான் இருக்கிறது. அரசாணை இல்லை, லீவு இல்லை. ஆனால் இன்று காலையிலிருந்து எஃப்.எம். முழுக்க யார் பாட்டு ஓடியது என்று உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள்.

லீவு விட்டால் என்ன நடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காலை எட்டு மணிக்கே ஏற்காடு மலை அடிவாரத்தில் கார் நிற்கும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வண்டியாக முட்டிக்கொண்டு ஏறும். மேலே போனால் படகு இல்லத்தில் வரிசை, அப்புறம் மிளகாய் பஜ்ஜிக் கடையில் வரிசை. அந்த வரிசையில் நிற்பவரிடம் "இன்றைக்கு எதற்கு சார் லீவு?" என்று கேட்டுப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் என்றால் சொல்லிவிடுவார். மற்ற நாளென்றால் பாதிப் பேர் போனை எடுத்துத்தான் பார்ப்பார்கள். லீவு நமக்கு ஓய்வு கொடுக்கும், சரி. எதற்காக விட்டார்கள் என்பதைக் கூடவே மறக்கவும் வைத்துவிடும்.

அந்தக் கார்கள் எந்த வழியாக மலைக்குப் போகின்றன? ஏற்காடு ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய படக்கூடம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) அந்த நிறுவனம் எடுத்தது. சேலத்தில் தங்கி அங்கே கதை இலாகாவில் வேலை பார்த்தவர் கண்ணதாசன். 1954-ல் அவர்கள் எடுத்த 'இல்லற ஜோதி'க்கு வசனம் அவர்தான். இரண்டு வருஷம் கழித்து அதே நிறுவனத்தின் 'பாசவலை'க்கு விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. படக்கூடம் போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் அதைத் தாண்டிப் போகும் காருக்குள் ஓடுவது பெரும்பாலும் இந்த இருவர் பாட்டுத்தானே! ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஓட்டுகிறார் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இவர்கள் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். விஸ்வநாதன் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு 'தனனான தனனான' என்று சந்தம் போடுவார். கவிஞர் எழுத மாட்டார், சொல்லுவார். சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பஞ்சு அருணாசலம் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர்தான். பல்லவி பிடிக்கவில்லையா, இன்னொன்று வரும். அதுவும் சரிப்படவில்லையா, மெட்டு மாறும். விஸ்வநாதன் ஜூபிடர் பட நிறுவனத்தில் ஏவல் பையனாக நுழைந்தவர். கவிஞரின் முதல் பாட்டு 1949-ல் அதே ஜூபிடரின் 'கன்னியின் காதலி' படத்தில் வந்தது. இதில் எந்த நாளையாவது அரசு அறிவித்து உண்டாக்கியதா?

சரி, அண்ணன் தன் பெட்டியில் இருக்கும் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். புனித யோவான். "பாருங்கள், ஒரு திருநாள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் நிற்கிறது" என்றார். நிற்கிறது, மறுக்கவில்லை. எதனால் நிற்கிறது? லூக்கா நற்செய்தியைத் திறந்து பாருங்கள். யோவானின் அப்பா சக்கரியா, பேச்சு போய் ஊமையாக இருக்கிறார். குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்கிறார்கள். பலகையில் 'யோவான்' என்று எழுதுகிறார். உடனே நாக்கு கட்டவிழ்கிறது, வாய் திறந்து இறைவனைப் புகழ்கிறார். அதாவது இந்தத் திருநாளின் கதையே தொண்டை திறந்த கதை. நடுவர் ஐயா, இது என் அணிக் கதை. எதிரணி தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது!

இன்னும் இருக்கிறது. அந்தத் திருநாளுக்கென்று லத்தீனில் ஒரு துதிப்பாட்டு உண்டு. 'உன் அடியார்கள் தொண்டை திறந்து பாட, எங்கள் உதட்டின் குற்றத்தை நீக்கு' என்று யோவானிடம் கேட்கும் பாட்டு. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெட்சோ நகரத்துத் துறவி குய்தோ, பாடகர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் படாத பாடு பட்டார். ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்ய வேண்டும், வருஷக்கணக்காகும். அவர் இந்த யோவான் பாட்டை எடுத்தார். அதில் ஒரு விசேஷம்: முதல் ஆறு துண்டுகளும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். படிக்கட்டு மாதிரி. அந்தத் துண்டுகளின் முதல் அசைகளை வரிசையாக எடுத்தார்: ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. இந்த ஆறும் மனத்தில் ஏறிவிட்டால், கேட்டே இராத பாட்டையும் ஏட்டைப் பார்த்துப் பிள்ளைகள் பாடலாம். பிற்காலத்தில் 'ஊத்' போய் 'தோ' வந்தது. ஏழாவதாக 'சி' சேர்ந்தது, அதுவும் பாட்டின் கடைசியில் லத்தீனில் வரும் 'சாங்க்தே இயோவான்னெஸ்' (புனித யோவானே) என்ற பேரின் முதல் எழுத்துகளான S, I இரண்டிலிருந்து.

இன்று ஏற்காட்டில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை கீபோர்டில் 'டோ ரே மி' என்று விரலை வைத்தால், அது ஜூன் 24-ஐத்தான் தடவிப் பார்க்கிறது. அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு ஸ்கூல் உண்டு! (நம்முடைய ச ரி க ம அதைவிட மூத்தது, அதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் போடுங்கள், சும்மாவே வருகிறேன்.)

கோவாவைச் சொன்னீர்கள். தலையில் இலையும் பூவும் கட்டிய வளையம், கையில் பழம், கிணற்றில் குதியல். எல்லாம் உண்மை. ஆனால் சத்தமில்லாமலா போய்க் குதிக்கிறார்கள்? மண்பானை வாயில் தோலைக் கட்டிய கும்மட்டை அடித்துக்கொண்டு, பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பாட்டை எடுத்துவிட்டால் அது வெறும் குளியல் ஐயா.

கடைசியாகக் கியூபெக். அண்ணன் அதைச் சொல்லும்போது நான் சிரித்தேன், கவனித்திருப்பீர்கள். கியூபெக்கில் ஜூன் 24 சட்டப்படி விடுமுறையானது 1925-ல். அதற்கு 45 வருஷம் முன்னால், 1880 ஜூன் 24 அன்று, கியூபெக் நகரத்தில் இதே யோவான் விழாவுக்குக் கூட்டம் கூடியது. விருந்து, வாழ்த்துரை எல்லாம் நடந்தது. அந்த விழாவுக்காகக் கலிக்ஸா லவல்லே மெட்டமைத்து, அடோல்ஃப் பசில் ரூத்தியே பிரெஞ்சில் எழுதிய ஒரு பாட்டு அன்று முதன்முதலாக ஒலித்தது. அந்தப் பாட்டுத்தான் 'ஓ கனடா'. நூறு வருஷம் கழித்து, 1980-ல், அந்த நாட்டின் தேசிய கீதமாகச் சட்டப்படி ஆனது. டொராண்டோவில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காலையில் எழுந்து நிற்பது அந்தப் பாட்டுக்குத்தான். டொராண்டோவில் ஜூன் 24 விடுமுறை கிடையாது, அது கியூபெக்கோடு சரி.

"விழா இல்லாவிட்டால் பாட்டு எங்கே பிறந்திருக்கும்?" என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்விதான். மேடை போட்டது விழா, ஒப்புக்கொள்கிறேன். பந்தல்காரருக்குக் கூலி கொடுத்துவிடுவோம். ஆனால் தலைப்பு, எதனால் நிற்கிறது என்பது. எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி அக்கா, அந்த 1880 விருந்தில் வாழ்த்துரை வழங்கியவர்களில் ஒரே ஒருவர் பேரைச் சொல்லட்டும். அவர் பேசியதில் ஒரு வரி சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் அணியில் போட்டுக்கொள்கிறேன். நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.