போக்கர் மேசையில் காதில் விழும் சொற்கள்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் கடதாசி விளையாட்டு என்றால் முந்நூற்றி நாலுதான். கடைத் திண்ணையில், கடற்கரையில், செத்த வீட்டில் விடியும்வரை, நாலு பேர் கூடினால் ஒரு கூட்டம் கடதாசி எங்கிருந்தாவது வந்துவிடும். இப்போது அந்தக் கூட்டத்துக்குள் போக்கரும் நுழைந்திருக்கிறது. சீசனில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வருகிற வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்து கொஞ்சம், கைபேசியிலிருந்து மிச்சம். ஆடுகிற பிள்ளைகளுக்கு விதிகள் ஓரளவு தெரிகின்றன, மேசையில் பேசுவதுதான் விளங்குவதில்லை. அந்தச் சொற்களைப் பற்றிச் சொல்லச் சொல்லித்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள்.

நான் சில காலம் ஒரு பயணிகள் கப்பலின் கசினோவில் கடதாசி பகிர்ந்தவன். டீலருடைய சொந்தக் காசு மேசையில் இருப்பதில்லை. அதனால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்க அவருக்கு நேரம் நிறைய. பக்கத்தில் என்ன பேசுகிறார்கள் என்று விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள், மற்றப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். கெட்ட கடதாசி எல்லாருக்கும் ஒரே அளவில்தான் வரும்.

முந்நூற்றி நாலு ஆடிப் பழகிய கை முதலில் சிலவற்றை மறக்க வேண்டும். அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11, கிங்குக்கு 3. போக்கரில் ஏஸ்தான் உச்சம். ஜாக் நாலாவது இடம், ஒன்பது சும்மா ஒன்பது. துரும்பு கிடையாது. எதிரே இருப்பவர் உங்கள் சோடியும் அல்ல, அவரும் உங்கள் சிப்ஸைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். நாம் ஒதுக்கிவைக்கும் இரண்டு முதல் ஆறு வரையான கடதாசிகளும் இங்கே ஆட்டத்தில் உண்டு, மொத்தம் 52. எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம், முந்நூற்றி நாலில் கைக்கு வந்ததை ஆடித்தான் ஆக வேண்டும். போக்கரில் பிடிக்கவில்லையென்றால் கடதாசியைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகலாம். அதுதான் ஃபோல்ட். நல்ல ஆட்டக்காரர் செய்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான். பார்க்கிறவருக்கு அலுப்பாக இருக்கும், அதனால்தான் புதியவர்களுக்கு இது கைவருவதில்லை.

இன்று எல்லா இடத்திலும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். அந்த மாநிலத்தில் ரொப்ஸ்டவுன் என்ற ஊர்தான் இதன் பிறப்பிடம் என்று டெக்சஸ் சட்டசபை 2007 இல் அங்கீகரித்தது. ஆளுக்கு இரண்டு கடதாசி கவிழ்த்துத் தரப்படும், அவை ஹோல் காட்ஸ். நடுவில் ஐந்து கடதாசி திறந்து வைக்கப்படும், அவை எல்லாருக்கும் பொது. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. பொதுக் கடதாசியில் முதல் மூன்றும் ஒன்றாக விழும், அது ஃபிளொப். நாலாவது டேர்ன். ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டீலர் மேலேயுள்ள ஒரு கடதாசியைத் திறக்காமலே ஒதுக்குவார். அதை பேர்ன் என்பார்கள். மேல் கடதாசியில் யாராவது நகக்குறி வைத்திருந்தால் அது பயன்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

கைகளின் வரிசையை எந்தக் கைபேசியிலும் பார்த்துக்கொள்ளலாம், அதில் நேரம் போக்கவில்லை. காதில் விழும் பெயர்களை மட்டும் சொல்கிறேன். கையில் ஒரு சோடி, அதாவது ஒரே மதிப்புள்ள இரண்டு கடதாசி, இருந்து மூன்றாவது மேசையில் வந்தால் செட். சோடி மேசையிலும் மூன்றாவது கையிலும் இருந்தால் ட்ரிப்ஸ். செட் எதிராளியின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், அதனால் அதற்கு மதிப்பு கூட. ஒரே மதிப்பில் மூன்றும் இன்னொரு சோடியும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், அதற்கு போட் என்று செல்லப்பெயர், நம் துறைமுகத்துக்குப் பொருத்தமான பெயர். அந்த நேரத்தில் மேசையில் சாத்தியமான ஆகப் பெரிய கை நட்ஸ். ஒரே சாதியில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் வரும் ரோயல் ஃபிளஷ் பற்றிக் கனவு காண வேண்டாம். ஐந்து கடதாசி மட்டும் பகிர்ந்தால் அது 649,740 கைகளில் ஒன்று.

கிக்கர் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் கையில் ஏஸும் ஒன்பதும். ஃபிளொப்பில் ஒரு ஏஸ் விழுகிறது. மனம் துள்ளும். எதிரே இருப்பவரிடம் ஏஸும் கிங்கும். இருவருக்கும் ஏஸ் சோடிதான், ஆனால் பக்கத்துக் கடதாசி அவருடையது பெரிது. அந்தப் பக்கத்துக் கடதாசிதான் கிக்கர். புதியவர்கள் பெருந்தொகையை இழப்பது ஒன்றுமில்லாத கையோடு அல்ல, இப்படிப்பட்ட பாதி நல்ல கையோடுதான்.

சரி, மேசையைச் சுற்றி வருவோம். டீலர் என்று எழுதிய வட்டத் துண்டு ஒன்று ஆள் ஆளாக நகர்ந்துகொண்டிருக்கும். அது பட்டன். பட்டனுக்கு இடப் பக்கம் இருப்பவர் ஸ்மோல் பிளைன்ட், அவருக்கு அடுத்தவர் பிக் பிளைன்ட். இருவரும் கடதாசியைப் பார்க்குமுன்பே குறித்த தொகையை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கை வரும்வரை எல்லாரும் சும்மா இருந்துவிடுவார்கள். பிக் பிளைன்டுக்கு அடுத்த இருக்கை அண்டர் த கன், துப்பாக்கி முனையில் இருப்பவர். எட்டு ஒன்பது பேர் பின்னால் காத்திருக்க, எதுவும் தெரியாமல் முதலில் முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். ஃபிளொப்புக்குப் பிறகு பட்டன்காரர் எப்போதும் கடைசியாகப் பேசுவார். அவருக்கு எல்லாருடைய பேச்சும் கேட்டாயிற்று. யார் தயங்கினார், யார் ஏற்றினார், யார் விட்டுப் போனார் என்று பார்த்த பிறகுதான் அவர் காசு வைக்கிறார். ஒரே கடதாசி பட்டனில் இலாபம் தரும், துப்பாக்கி முனையில் நட்டம் தரும். இந்த இடவசதிக்குப் பெயர் பொசிஷன். போக்கரில் ஒரேயொரு சொல்லைத்தான் மனதில் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கெட்ட கையை நல்ல கைபோலக் காட்டி ஏமாற்றும் பிளஃபை அல்ல. பிளஃப் திரைப்படங்களில் நடக்கிற அளவுக்கு மேசையில் நடப்பதில்லை.

பேச்சு முறையும் முக்கியம். காசு வைக்காமல் கடந்தால் செக். வைத்தால் பெட். மற்றவர் வைத்ததற்குச் சமமாக வைத்தால் கோல், ஏற்றினால் ரெய்ஸ், இருப்பதெல்லாம் தள்ளினால் ஓல்-இன். ஃபிளொப்புக்கு முன்னால் ஏற்றாமல் பிக் பிளைன்ட் தொகையை மட்டும் வைத்து மெல்ல உள்ளே வருவது லிம்ப், மேசையில் புதியவரை அடையாளம் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் செக் சொல்லிப் பதுங்கி, எதிராளி வைத்ததும் ஏற்றினால் செக்-ரெய்ஸ். வாயால் சொன்னது கட்டும், ‘ரெய்ஸ்’ என்ற பிறகு மனம் மாற முடியாது. சிப்ஸை ஒரு கை வைத்துவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்து, திரும்ப இன்னொரு கை வைத்தால் அது ஸ்ட்ரிங் பெட், டீலர் இரண்டாவதைத் திருப்பிவிடுவார். வெல்வது உறுதி என்று தெரிந்தும் கடதாசியைக் காட்டாமல் இழுத்தடித்து, தோற்பவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு திறப்பது ஸ்லோ ரோல். விதிப்படி குற்றமில்லை. ஆனால் அதைச் செய்தவரோடு அன்றைக்கு யாரும் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள்.

கணக்குச் சொற்களுக்கு வருவோம். கையில் இரண்டு ஆட்டின், அதாவது இதயக் குறிக் கடதாசி, ஃபிளொப்பில் இரண்டு ஆட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே சாதி, அதுதான் ஃபிளஷ். இப்படிக் காத்திருக்கும் கை டிரோ. ஒரு சாதியில் 13 கடதாசி, நாலு கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. உங்களைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒன்பதும் உங்கள் அவுட்ஸ். இன்னும் இரண்டு கடதாசி வர இருந்தால் அவுட்ஸை நாலால் பெருக்குங்கள், ஒன்றுதான் வர இருந்தால் இரண்டால் பெருக்குங்கள். ஒன்பதுக்கு 36, 18 என்று வரும். உண்மையான சதவீதத்துக்குப் போதுமான அளவு கிட்டத்தான். அடுத்தடுத்த ஐந்து கடதாசி ஸ்ட்ரெயிட். அதில் நடுவில் ஒரு கடதாசி மட்டும் விடுபட்டிருந்தால் பெயர் கட்ஷொட், அதற்கு நாலே அவுட்ஸ்.

அப்புறம் பொட் ஓட்ஸ். நடுவில் குவிந்திருக்கும் காசு பொட். டேர்ன் முடிந்து ரிவர் மட்டும் மிச்சம், பொட்டில் 200 ரூபாய், எதிராளி 100 வைக்கிறார். நீங்கள் 100 வைத்தால் மொத்தம் 400, அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. ஆகவே நூற்றுக்கு 25 தடவையாவது வென்றால்தான் கட்டும். உங்கள் ஃபிளஷ் வர வாய்ப்பு ஏறக்குறைய 18 தான். விட்டுவிடுங்கள். அதே எதிராளி 250 ரூபாய் பொட்டில் 50 மட்டும் வைத்தால்? 350 இல் 50, அதாவது 14 சதவீதம் போதும். இப்போது கோல் சொல்லலாம். கடதாசி ஒன்றுதான், கேட்கிற விலைதான் மாறியது. சந்தையில் பேரம் பேசத் தெரிந்த எந்த அம்மாவும் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

ஆட்களுக்கு வைக்கும் பெயர்கள் இருக்கின்றனவே, அவைதான் சுவாரசியம். காசைத் தொலைக்கும் கற்றுக்குட்டி, ஃபிஷ். அவரைத் தேடி வருபவர் ஷார்க். பெரிய பணக்காரர், பெருந்தொகை தோற்றாலும் முகம் சுளிக்காதவர், வேல், அதாவது திமிங்கிலம். நம் கடலில் நீலத் திமிங்கிலம் தலைகாட்டினால் படகுகள் எப்படிச் சூழுமோ, அப்படித்தான் ஒரு வேல் உட்கார்ந்த மேசையைச் சுற்றி இருக்கை பிடிக்க நிற்பார்கள். எதற்கெடுத்தாலும் கோல் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் ஃபோல்ட் செய்யாதவர் கோலிங் ஸ்டேஷன். அவரிடம் பிளஃப் செய்வது வீண் வேலை. ஆகப் பெரிய கை வந்தாலொழிய அசையாதவர் நிட். அவர் ஒருநாள் ரெய்ஸ் சொன்னால் எழுந்து போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம். இந்தப் பெயர்களை மேசையில் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மீனாக இருப்பவரிடம் எல்லாரும் மிக அன்பாகப் பேசுவார்கள், நல்ல கோல் என்று பாராட்டுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது பாராட்டு வந்தால் யோசியுங்கள்.

கடதாசிச் சோடிகளுக்கும் பட்டப்பெயர் உண்டு. இரண்டு ஏஸ் பொக்கெட் ரொக்கெட்ஸ், 221 கைக்கு ஒருமுறை வரும். இரண்டு ஜாக் ஃபிஷ் ஹூக்ஸ், ஆங்கில எழுத்து தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால். இரண்டு இரண்டு டக்ஸ். பத்தும் இரண்டும் டொயில் பிரன்சன், 1976 இலும் 1977 இலும் உலகப் போட்டியின் கடைசிக் கையை அவர் அதை வைத்தே வென்றார். அதைக் கேட்டுவிட்டு நீங்களும் பத்து-இரண்டோடு உள்ளே போக வேண்டாம்.

போட்டி என்றதும் சட்டலைட் என்ற சொல்லும் வரும். சிறு தொகை கட்டி ஆடி, பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு வெல்லும் ஆட்டம் அது. 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டொலர் கட்டி இணையத்தில் ஒரு சட்டலைட் ஆடி, லாஸ் வேகஸ் போய் 839 பேர் கலந்துகொண்ட பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். மணிமேக்கர் அவருடைய உண்மையான குடும்பப் பெயர்தான். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பையன்கள் போக்கர் பழகத் தொடங்கினார்கள். மற்ற 838 பேரின் பெயரை யாரும் கேட்பதில்லை.

தோல்விக்கும் வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெல்ல வேண்டிய கை, ரிவரில் எதிராளிக்கு ஒரு கடதாசி விழுந்து கவிழ்ந்தால் பேட் பீட். இருவருக்கும் மிகப் பெரிய கை வந்து, யாராலும் விலக முடியாமல் ஒருவர் தோற்றால் கூலர். இந்த இரண்டுக்கும் மருந்தில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் ஆபத்து, அது டில்ட். பந்தை உருட்டி ஆடும் பின்போல் மெஷினை ஆத்திரத்தில் உலுக்கினால் அந்தச் சொல் வெளிச்சமாக ஒளிர்ந்து மெஷின் நின்றுவிடும், பெயர் அங்கிருந்து வந்தது. போக்கரில் ஆத்திரப்பட்டால் ஆட்டம் நிற்காது, விட்டதைப் பிடிக்கிறேன் என்று கை தானாகக் காசை நடுவுக்குத் தள்ளும்.

ரேக் என்ற சொல்லைக் கடைசியில் வைத்தேன், கைபேசியில் ஆடுபவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான். ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு அது. 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் பொட் என்றால் 100 ரூபாய். மணித்தியாலத்துக்கு அப்படி 30 பொட் நடந்தால் 3,000 ரூபாய் மேசையை விட்டு வெளியே போய்விடும். யார் வென்றாலும் போகும். ஒரே அளவு திறமையுள்ள நண்பர்கள் விடியும்வரை ஆடினால் கடைசியில் எல்லாருமே தோற்றிருப்பார்கள், நடத்தியவரைத் தவிர. எந்தச் செயலியைத் திறந்தாலும் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

பழக ஆசையிருந்தால் வீட்டில் தீக்குச்சியை வைத்து ஆடுங்கள், காசு வேண்டாம். அலுப்புத் தட்டாமல் இருக்க ஒரு வேடிக்கை விதியும் சேர்த்துக்கொள்ளலாம், பெரிய ஆட்டக்காரர்களே ஆடுவது. ஏழும் இரண்டும் வெவ்வேறு சாதியில் வந்தால் அதுதான் போக்கரில் ஆகக் கேவலமான தொடக்கக் கை. அதை வைத்துக்கொண்டு ஒருவர் பொட்டை வென்றுவிட்டால், மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் அவருக்கு மேலதிகமாக ஐந்து தீக்குச்சி கொடுக்க வேண்டும். அப்போது பாருங்கள், வீட்டில் எத்தனை நாள் நல்ல பிள்ளையாக இருந்தவர் எல்லாம் எப்படி பிளஃப் பண்ணுகிறார் என்று. வணக்கம்.