ஜெண்டர்: ஒரே சொல், பல வேலை

[திரையில்: ஒரு விண்ணப்பப் படிவம். 'ஜெண்டர்' என்ற கட்டம் மட்டும் பெரிதாகிறது.]

இந்தக் கட்டத்தை எத்தனையோ முறை நிரப்பியிருப்பீர்கள். ஒரு டிக், அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் அது கேட்பது எதை? உங்கள் உடலையா, சமூகம் உங்களை வைத்திருக்கும் இடத்தையா, உங்களை நீங்கள் யாராக உணர்கிறீர்கள் என்பதையா? படிவம் வாய் திறப்பதில்லை. ஜெண்டரைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்கள் பலவற்றில் ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் இந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

[திரையில்: கரண்டி, முள்கரண்டி, கத்தி]

கிளம்பிய இடம் இலக்கணம். லத்தீனில் 'கெனுஸ்' என்றால் வகை. அது பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பெயர்ச்சொற்களை வகை பிரிப்பதுதான் அதற்குக் கிடைத்த முக்கிய வேலை. அந்த வகை பிரிப்பில் நியாயம் தேடினால் தலை சுற்றும். ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷன்' என்ற சொல்கூடப் பெண்பால் இல்லை. அதன் கடைசியில் இருக்கும் 'ஷன்' என்ற விகுதி எந்தச் சொல்லில் ஒட்டினாலும் அதை நடுப்பாலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். சூரியன் ஜெர்மனில் பெண், பிரெஞ்சில் ஆண். நிலா அப்படியே நேர்மாறு.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் மனிதர்களுக்கு ஒரு வகுப்பு, மரங்களுக்கு ஒரு வகுப்பு என்று பிரிவுகள் நீளும். ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. மொழியியலாளர்கள் அதையும் ஜெண்டர் என்றே சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் 'வகை' மட்டும்தான். நம் உயர்திணை, அஃறிணையும் இந்தக் கணக்கில் வரும். இன்னொரு பக்கம் துருக்கி மொழியிலும் ஃபின்லாந்தின் ஃபின்னிஷ் மொழியிலும் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல். உலக மொழிகளின் அமைப்பைத் தொகுத்த ஒரு பெரிய வரைபடத் தொகுப்பில் 257 மொழிகளைப் பார்த்தார்கள். அவற்றில் 145 மொழிகளில் இலக்கண ஜெண்டர் என்பதே இல்லை.

சரி, பெயர்ச்சொல்லிலிருந்து மனிதருக்கு இது எப்படித் தாவியது?

[திரையில்: 1926 – 1955 – 1972]

முந்தைய நூற்றாண்டுகளின் ஆங்கிலத்திலும் ஆண், பெண் என்ற பொருளில் இந்தச் சொல் அங்கங்கே தலைகாட்டியது உண்டு. ஆனால் 1926-ல் வந்த ஃபௌலரின் ஆங்கில எழுத்து நடைக் கையேடு, மனிதரைக் குறிக்க இதைப் பயன்படுத்தினால் அது வேடிக்கையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழை என்று கறாராகச் சொன்னது. 1955-ல் ஜான் மனி என்ற உளவியலாளர் 'ஜெண்டர் ரோல்' என்று எழுதத் தொடங்கினார். ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ உலகத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதத்தை அப்படிக் குறித்தார். (அவர் பின்னாளில் செய்த சிகிச்சைகள் கடும் விமர்சனத்துக்கு ஆளாயின, அது தனி வீடியோவுக்கான கதை.) 1960-களில் ராபர்ட் ஸ்டோலர் என்ற மனநல மருத்துவர் 'ஜெண்டர் ஐடென்டிட்டி' என்பதைப் பரப்பினார். அது உள்ளே இருக்கும் உணர்வு. ஒருவருக்கு யார் மீது ஈர்ப்பு என்பது இதில் சேராது. அது பாலீர்ப்பு, முற்றிலும் வேறு விஷயம்.

1970-களில் பெண்ணிய அறிஞர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். 1972-ல் ஆன் ஓக்லி இரண்டையும் தெளிவாகப் பிரித்தார்: உடல் சார்ந்தது செக்ஸ், சமூகம் வகுத்தது ஜெண்டர். கருப்பையில் குழந்தையைச் சுமப்பது உடல். பிறந்த பிறகு இரவெல்லாம் விழித்துத் தாலாட்ட வேண்டியது அம்மாதான் என்பது சமூகம் போட்ட விதி. விதி என்றால் மாற்றலாம். இந்தப் பிரிப்பின் பலம் அதுதான்.

இத்தோடு நின்றிருந்தால் குழப்பம் குறைவாக இருந்திருக்கும். ஆனால் அதே 1970-களில், சமத்துவ வழக்குகளுக்காக ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற அமெரிக்க வழக்கறிஞர் மனுக்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் தட்டச்சு செய்த செயலாளர், பக்கத்துக்குப் பக்கம் 'செக்ஸ்' என்று வருகிறதே, இதைப் படிக்கும் நீதிபதிகளின் மனம் வேறு எங்காவது போய்விடும், 'ஜெண்டர்' என்று போடுங்களேன் என்றாராம். கின்ஸ்பர்க்கே பின்னாளில் சொன்ன கதை இது. இப்படி, நாசூக்குக்காகவும் ஒரு பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. படிவத்தில் நாம் பார்க்கும் 'ஜெண்டர்' பெரும்பாலும் இந்த நாசூக்கு ஜெண்டர்தான்; உண்மையில் கேட்பது உடலின் பாலை. தமிழிலும் 'பாலினம்' இதே இரட்டை வேலையைப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, 'பாலின சமத்துவம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாலியல் சமத்துவம்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

[திரையில்: சதுர அடைப்புக்குறிக்குள் 'ஜெண்டர்']

பெரிய சபைகளிலும் இதே சிக்கல். 1995-ல் பெய்ஜிங்கில் ஐ.நா.வின் பெண்கள் மாநாடு நடந்தது. அதற்கு முந்தைய தயாரிப்புக் கூட்டத்தில் சில நாடுகள், வரைவில் வரும் 'ஜெண்டர்' என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னார்கள். ஐ.நா. வழக்கில் அதற்கு 'இன்னும் உடன்பாடு இல்லை' என்று அர்த்தம். இதற்காகவே ஒரு குழு போட்டார்கள். குழு கூடிப் பேசிக் கடைசியில் சொன்னது: வழக்கமாகப் பொதுவில் எந்தப் பொருளில் வருகிறதோ, அதே பொருள்தான். ஏதாவது புரிகிறதா? வேண்டுமென்றேதான் அப்படி மொட்டையாக விட்டார்கள். யாருக்கும் தோல்வி இல்லாத வாக்கியம்.

மூன்று வருடம் கழித்து, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் வரையறை கொடுத்தே தீர வேண்டியிருந்தது, அது சட்டமாயிற்றே. 'சமூகச் சூழலில் ஆண், பெண் என்னும் இரு பால்கள்' என்று எழுதினார்கள். 'இரு பால்கள்' என்பது உடலை வலியுறுத்தும் தரப்புக்கு, 'சமூகச் சூழலில்' என்பது சமூகம் வகுத்ததை வலியுறுத்தும் தரப்புக்கு.

[திரையில்: கணக்கெடுப்புப் படிவங்கள்]

ஒப்பந்தங்கள் இப்படி மழுப்பலாம், எண்ணிக்கை எடுப்பவர்கள் மழுப்ப முடியாது. கனடா 2021 கணக்கெடுப்பில் பிறப்பின்போதான பாலைத் தனியாகவும் ஜெண்டரைத் தனியாகவும் கேட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தும் வேல்ஸும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்துக் கேட்டன: நீங்கள் உணரும் ஜெண்டரும், பிறந்தபோது பதிவான பாலும் ஒன்றுதானா? ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்களிடமிருந்து 'இல்லை' என்ற பதில் எதிர்பாராத அளவுக்கு வந்தது. கேள்வி புரியாமலே பலர் பதில் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்து, 2024-ல் அந்த எண்களுக்கு இருந்த அதிகாரபூர்வ தரச்சான்று விலக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 2022-ல் கணக்கெடுத்தபோது கேள்வி வாக்கியத்தில் 'ஜெண்டர்' என்ற சொல்லை வைக்கவில்லை. உங்களை டிரான்ஸ் (திருநர்) என்று கருதுகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டார்கள்.