பழைய ஷெஃபீல்டு சவரக்கத்திக்கு அதே காலத்துப் பிடி

(காட்சி: மேசைமேல ரெண்டு மடக்குக் கத்தி. ஒண்ணுல பிடி பிளந்திருக்கு. இன்னொண்ணுல பிடி பளபளன்னு இருக்கு, அலகுல விரிசல்.)

ரெண்டுமே இங்கிலாந்துல ஷெஃபீல்டு நகரத்துல செஞ்ச சவரக்கத்தி. முதல் கத்தி வேட் அண்ட் புட்சர்ங்கிற கம்பெனி செஞ்சது. அலகு அகலம் 7/8 அங்குலம், அதாவது சுமார் 22 மி.மீ. கொம்புப் பிடி அச்சாணி ஓட்டைகிட்ட பிளந்துபோச்சு. ரெண்டாவதுல கூர்ல இருந்து முதுகு நோக்கி ஒரு விரிசல் ஏறியிருக்கு. அந்த அலகை இனி முகத்துல வைக்கக்கூடாது. ஆனா பிடி முழுசா இருக்கு, அதைத்தான் முதல் கத்திக்கு மாத்தப்போறோம்.

காலம் பொருந்துதான்னு முதல்ல பாருங்க. அலகுல ஊர்ப் பேரோட நாட்டுப் பேரையும் சேர்த்துப் பொறிச்சிருந்தா பெரும்பாலும் 1891-க்கு அப்புறம் அமெரிக்காவுக்குப் போன சரக்கு. இறக்குமதி சரக்குல நாட்டுப் பேர் இருக்கணும்னு சொன்ன அமெரிக்காவோட 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் அதுக்குக் காரணம். இதுல ஊர்ப் பேர் மட்டும்தான் இருக்கு, அலகோட வடிவமும் பழசு. அதனால கொம்புப் பிடி சரி. செல்லுலாய்டுங்கிற பழைய பிளாஸ்டிக் 1870-களுக்கு அப்புறம் வந்த சரக்கு. அழகா இருக்கேன்னு அதை எடுத்து மாட்டாதீங்க. அது பழசாகி அழுக ஆரம்பிச்சா அமில ஆவி கக்கும். மூக்கைத் துளைக்கிற நெடி, மேல பழுப்பு வேர்வை, பிடிக்குள்ள இருக்கிற பகுதியில மட்டும் துரு, இதெல்லாம் அதோட அடையாளம். ஒரே பெட்டியில வெச்சா பக்கத்துக் கத்தியையும் கெடுத்துடும்.

அடுத்தது அளவு. அலகுல அச்சு ஓட்டையில இருந்து நுனி வரைக்கும் அளந்துக்கோங்க. பிடியில அச்சு ஓட்டையில இருந்து ஆப்போட (பிடியோட கடைசி முனையில ரெண்டு தகடுக்கும் நடுவுல இருக்கிற துண்டு) உள் ஓரம் வரைக்கும் அதைவிட 3, 4 மி.மீ. கூடுதலா இருக்கணும். குறைஞ்சா மடக்கும்போது நுனி ஆப்புல இடிக்கும். 5/8 அங்குலக் கத்தியோட பிடியை இதுக்கு மாட்டினா கூர் வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், விரலைப் பதம் பார்க்கும்.

(காட்சி: அரத்தால ஆணித் தலையைத் தேய்க்கறது, நெருக்கமா.)

ஆணியை நெம்பக்கூடாது, கொம்பு கீறிடும். சுத்தி டேப் ஒட்டி, ஒரு பக்கத் தலையை மட்டும் வாஷர் மட்டத்துக்கு அரத்தால தேய்ங்க. ஓட்டை போட்ட கட்டைமேல வெச்சு 1.5 மி.மீ. பஞ்ச் கம்பியை வெச்சுத் தட்டினா ஆணி கீழே இறங்கிடும். பழைய வாஷரைத் தூக்கிப் போடாதீங்க. கொம்பு காய்ஞ்சிருந்தா மாட்டுக் குளம்பு எண்ணெயில ரெண்டு நாள் ஊறட்டும். வளைஞ்சிருந்தா சுடுதண்ணியில சில நிமிஷம் போட்டு, ரெண்டு பலகைக்கு நடுவுல இறுக்கி, ஆறின பிறகு எடுங்க.

அலகை மரக்கட்டைமேல படுக்க வெச்சு, கூருக்கு அடியில கட்டை தாங்கி நிக்கற மாதிரி பிடிச்சு, வாட்டர் பேப்பர்ல 400, 600, 1000, 2000-ன்னு தேய்ங்க. ஒவ்வொரு நம்பரும் முந்தின கீறலை முழுசா எடுத்த பிறகுதான் அடுத்தது. பொறிச்ச முத்திரை மேல கை வைக்காதீங்க. தங்கப்பூச்சு இருந்தா பாலிஷ்கூட போடாதீங்க, ஒரே துடைப்புல போயிடும். மெஷின் பஃப் (சுத்துற பாலிஷ் சக்கரம்) வேண்டாம். மெல்லிய கூர் நொடியில சூடேறும். நீலம் தட்டுச்சுன்னா பதம் போச்சு, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்ப ஆப்பு. நிறைய பேர் சறுக்கறது இங்கதான், கொஞ்சம் நின்னு பாருங்க.

(காட்சி: பிடியைப் பக்கவாட்டுல பிடிச்சு, வெளிச்சம் தெரியற இடைவெளி.)

பிடியோட ரெண்டு தகடும் சும்மா உறை கிடையாது, ஒரு வில்லு. ஆப்பு கடைசி முனையில தடிப்பாவும் அலகு பக்கம் மெல்லிசாவும் சரிஞ்சு இருக்கும். அந்தச் சரிவால தகடு ரெண்டும் அச்சு பக்கம் நெருங்கப் பார்க்கும். அலகோட அடித்தண்டு (அச்சு ஓட்டை இருக்கிற வால் பகுதி) நடுவுல நுழைஞ்சு அதைப் பிரிக்கும். அந்த இழுவிசைதான் அலகைப் பிடிச்சு நிறுத்துது. தட்டையான ஆப்பு போட்டா அந்த இழுவிசை குறையும், அலகு தொளதொளன்னு ஆடப் பார்க்கும். ஆப்போட தடிப்பை அடித்தண்டு தடிப்புல பாதிக்குக் கிட்ட வெச்சு ஆரம்பிங்க, பிறகு தேய்ச்சுச் சரிபண்ணுங்க. பழைய ஷெஃபீல்டு ஆப்பு பெரும்பாலும் ஈயம். காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க, தூசி பறக்கும். கையுறை போட்டு, ஈரமா தேய்ச்சு, கையைக் கழுவுங்க.

ரிவெட் அடிக்கறதுக்கு முன்னால சின்ன ஸ்க்ரூ, நட்டு போட்டு ஒரு ஒத்திகை பாருங்க. மடக்கும்போது அலகு நட்டநடுவுல விழணும். ஒரு பக்கம் சாய்ஞ்சா ஆப்பு கோணலா உக்கார்ந்திருக்கு, இல்லேன்னா ஓட்டை சாய்ஞ்சிருக்கு. தேஞ்சு பெருசான ஓட்டைக்குள்ள மெல்லிய பித்தளைக் குழாய் ஒட்டி ஆணிக்கு அளவாக்கலாம்.

ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி. வாஷருக்கு மேல ரெண்டு பக்கமும் ஒரு மி.மீ.-க்குக் கொஞ்சம் கம்மியா நீட்டினா போதும். கூடுதலா விட்டா தலை மலராது, உள்ளேயே வளையும். 50-லிருந்து 100 கிராம் உருண்டைத் தலைச் சுத்தியலால ஓரத்தைச் சுத்திச் சுத்தி மெதுவா தட்டுங்க. பத்து தட்டு, திருப்பி பத்து தட்டு. ஆப்பு பக்கம் முதல்ல, அச்சு பக்கம் கடைசியா. ஓங்கி ஒரு அடி அடிச்சா கொம்பு பிளந்து, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவோம்.

பாதி திறந்து நிறுத்துங்க. அலகு அங்கேயே நின்னா சரி. தானா சரிஞ்சா இன்னும் ரெண்டு மூணு தட்டு. திறக்கவே முரண்டு பிடிச்சா தட்டி இளக்க முடியாது, ஆணியை எடுத்துப் புதுசு போடணும். அது சரியான பிறகு சாணைக்கல்லுக்குப் போகலாம்: முதுகுல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப், 1000, 5000, 8000, 12000 நம்பர் கல், அப்புறம் தோல் பட்டையில ஒரு 60 இழுப்பு.