வாடையா, வடையா?

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடம் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். போன மாதம் கிருஷ்ணகிரிப் பையன்கள் நாலு பேர் ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, "கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். அவர்களுடைய முதல் ஒலிப்பதிவு. ஐந்து பாட்டு, மொத்தமாக எட்டு நிமிடம்கூட இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த தருமபுரிக்காரனுக்கு இது கொசுறு மாதிரிதான் பட்டது. குழுவின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடுமாம், அதனால் விட்டுவிடுகிறேன்.

மெலடிக் ஹார்ட்கோர் என்கிறார்கள் இதை. பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசையை இன்னும் விரட்டி, இன்னும் சுருக்கினால் ஹார்ட்கோர். வாஷிங்டனின் மைனர் த்ரெட் குழு 1981-இல் கொண்டுவந்த முதல் ஏழு அங்குல இசைத்தட்டில் எட்டுப் பாட்டு, பத்து நிமிடத்துக்குள். அந்த ஓட்டத்திலும் மெட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் மெலடிக். லாஸ் ஏஞ்சலிஸில் 1980-இல் தொடங்கிய பேட் ரிலிஜன் குழு அதற்குப் பேர்போனது.

பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது கார்டு. கிட்டாரில் இவர்கள் பிடிப்பது பவர் கார்டு. அதில் ஸட்ஜமும் பஞ்சமமும்தான், காந்தாரம் கிடையாது. நம் சுருதிப் பெட்டி பாடுகிற அதே ஸ-ப! சோகத்தையும் சந்தோஷத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தக் காந்தாரம்தான். அதனால் பாட்டு சோகமா சந்தோஷமா என்பதை இரண்டாவது கிட்டாரும் குரலும்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது கிட்டார்க்காரத் தம்பி அதை அழகாகச் சொல்கிறார். டிரம்ஸில் காலால் மிதிக்கிற கிக்கும் குச்சியால் அடிக்கிற ஸ்னேரும் மாறி மாறி ஓடுகிற ஓட்டம், எருது விடுகிற நாளில் பம்பை கேட்டவர்களுக்குப் புதிதாக இருக்காது.

சிக்கல் தமிழில்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இந்த வேகத்தில் இரண்டாவது மாத்திரைக்கு எங்கே போவது? மூன்றாவது பாட்டு மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவைப் பற்றியது. "சேலையெல்லாம் வாடை" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கேட்டது, "சேலையெல்லாம் வடை". சிரித்துவிட்டேன், பாவம். ஆனால் பல்லவி வரும்போது மூன்று குரல் சேர்ந்து அந்த 'வா'வை மட்டும் நீட்டிப் பிடிக்கிறது. பின்னால் டிரம்ஸ் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. அங்கே எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. தமிழில் இந்த இசைக்கு வழி அந்த நெடில்தான் என்று அவர்களிடம் சொன்னேன். சரணத்திலும் நெடிலைத் தாளத்தின் அடி விழுகிற இடமாகப் பார்த்து வையுங்கள் என்றேன்.

நாலாவது பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. வேகம் குறைகிறது, மெட்டும் இல்லை. ஐந்தாவதில் கத்தல் அதிகம், பாடுகிறவர் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது பாட்டு. ஒன்றரை நிமிடம்தான். குழந்தை தூங்குகிற வீட்டில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாடையா, வடையா, உங்கள் காதுக்கு எப்படி விழுகிறது என்று கேளுங்கள்.