காவடி தூக்கும் உடம்பு
(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தைப்பூசத்துக்கு இன்னும் எட்டு வாரம். காவடி எடுக்கப் போகிறவரிடம் உடம்பு தயாரா என்று கேட்டால், "தினமும் கடற்கரையில் அரை மணி நேரம் நடக்கிறேனே" என்கிறார். நல்லதுதான். ஆனால் நடையால் முக்கியமாக வளர்வது இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும் திறன். தசை வலிமை, தசைத் தாங்குதிறன், மூட்டுகளின் வளைவு, கொழுப்புக்கும் தசைக்கும் உள்ள விகிதம் எல்லாம் தனித்தனிக் கணக்கு. வேகம், சுறுசுறுப்பு, எதிர்வினை நேரம் போன்றவை விளையாட்டுக்காரர் பாடு, அவற்றை விட்டுவிடுவோம். அந்த வரிசையில் இருக்கும் சமநிலையை மட்டும் விடமாட்டேன்.

ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தை 12 மணி நேரத்துக்குள் முடித்தவருக்குக்கூடக் குனிந்தால் கால்விரல் எட்டாமல் போகலாம். காவடியைத் தோளுக்கு ஏற்றுவது வலிமை. இறக்காமல் சுமந்து நடப்பது தாங்குதிறன். முதலாவதுக்குக் கனமான எடையை 8 முதல் 12 தடவை தூக்க வேண்டும். இரண்டாவதுக்கு இலேசான எடையை 15, 20 தடவை.

கால் வலிமையை வீட்டிலேயே அளக்கலாம். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே வையுங்கள். 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார்கிறீர்கள்? 60 முதல் 64 வயதில் ஆண் 14க்கும், பெண் 12க்கும் கீழே போனால் குறைவு. தொடையில் கை ஊன்றினால் அது கணக்கில் சேராது. உட்காரும்போது தொப்பென்று விழுகிறவர்களுக்குத் தொடைத் தசை போதவில்லை. அதே நாற்காலிதான் மருந்தும்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்தாக மூன்று முறை, இறங்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணி. எளிதாகிவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். தைப்பூசம் நம் ஊரில் கோடை நடுவில் வருகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, சூடு வெளியேறாது. அதே நடைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். உடம்பு இதற்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். குளிரூட்டிய ஜிம்மில் மட்டும் பயிற்சி செய்தவர் தடுமாறுவது இதனால்தான். கடைசி இரண்டு வாரம் வெளியில் நடங்கள்: பேச வர வேண்டும், பஜனை பாட வரக்கூடாது, அந்த வேகம் போதும்.

இப்போது சமநிலை. கண், உள்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. சமையல் மேடையைப் பிடிக்கும் தூரத்தில் ஒற்றைக் காலில் 10 வினாடி நின்று பாருங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்கு மூன்றில் ஒன்று போய்விட்டது. அவர் சூடேறிய தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் காவடி எடுத்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் அளவைக் கேளுங்கள்.

தெற்காசிய உடலில் கொழுப்பு வயிற்றில்தான் அதிகம் குவியும். அதனால் நமக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பும் குறைவு: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு டேப்பை வையுங்கள். (வயிற்றை எக்கி அளப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) பட்டினியால் எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். விரத நாளில் வெறும் சோறும் உருளைக்கிழங்கும் போதாது. சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் கொட்டை, பருப்பு, தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

பரம்பரை, வயது இரண்டும் நம் கையில் இல்லை. தூக்கமும் புகையும் நம் கையில்தான்.

பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். மற்றவர்கள் கைகளைக் குறுக்கே வையுங்கள். 30 வினாடியை நான் எண்ணுகிறேன்.