ரூட்டுக்கும் கோட்டா உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியில் 'ரூட்' என்கிற பயனருக்குப் பூட்டிய கதவே கிடையாது. சேமிப்பு வரம்பு, அதாவது கோட்டா, அதுவும் அவரைத் தடுக்காது. போதாததற்கு எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு, வட்டில் 5 சதவீதத்தை வழக்கமாக ரூட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கிறது. வட்டு நிரம்பி எல்லாம் நின்றுபோனால், உள்ளே வந்து சரிசெய்கிறவருக்குக் கொஞ்சம் இடம் வேண்டுமே!

ஆனால் நூற்றுக்கணக்கான கணினிகளின் வட்டுகள் சேர்ந்து ஒரே கோப்பு முறைமையாக நிற்கும்போது, 'ரூட் என்றால் யார்?' என்ற கேள்விக்கே பதில் மாறிவிடுகிறது.

ஹடூப் என்ற மென்பொருளின் எச்டிஎஃப்எஸ் அப்படிப்பட்ட ஒரு கோப்பு முறைமை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேம்நோட் என்ற தலைமைச் சேவையை எந்தப் பயனர் பெயரில் இயக்குகிறார்களோ, அவர்தான் சூப்பர்யூசர். உங்கள் கணினியின் ரூட் என்பதற்காக அங்கே மரியாதை கிடைக்காது. சூப்பர்யூசருக்கு அனுமதிச் சோதனை இல்லை. எந்தக் கோப்பையும் திறக்கலாம். கோட்டா மட்டும் அவரையும் விடாது. காரணம், அங்கே வரம்பு ஆளுக்கு அல்ல, அடைவுக்கு, அதாவது ஃபோல்டருக்கு. வரம்பை உயர்த்தும் அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. உயர்த்தாமல் எழுதப்போனால் அவருக்கும் பிழைச் செய்திதான்.

அந்தக் கணக்கிலும் ஒரு விசித்திரம். ஒரு வரிக் கோப்பை எழுதினாலும், எழுதும் நேரத்தில் ஒரு முழு பிளாக்குக்கும், அதாவது கோப்பை வெட்டிச் சேமிக்கும் ஒரு முழுத் துண்டுக்கும், அதன் நகல்களுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். பிளாக் 128 எம்பி, நகல் 3 என்ற இயல்பு அமைப்பில் 384 எம்பி மீதி இருக்க வேண்டும். 300 எம்பிதான் மீதி என்றால் அந்த ஒரு வரிக்கும் இடமில்லை! எழுதி மூடிய பிறகுதான் உண்மையான அளவு கணக்கில் ஏறும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கோளாறு என்றே நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

இதேபோல் பல கணினிகளில் பரவி நிற்கும் இன்னொரு கோப்பு முறைமையான லஸ்டர் இதற்கு நேரெதிர். வரம்பு அங்கே ரூட்டைத் தடுப்பதில்லை. ஒருமுறை ஓர் ஆய்வாளரின் பழைய தரவை ரூட்டாக இருந்து மீட்டுக் கொடுத்தேன். தடங்கலே இல்லை. மறுநாள் அவரால் ஒரு கோப்புகூட எழுத முடியவில்லை. எழுதியது நான், ஆனால் கோப்புகளின் உரிமையாளர் அவர். கணக்கும் அவர் பெயரில் ஏறிவிட்டது.

மூன்றாவதாக, செஃப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் கோட்டாவைக் காப்பது கிளையன்ட், அதாவது எழுதுகிற கணினியே. வரம்பு தாண்டியதும் சட்டென்று நிற்காது, சில பத்து வினாடிகள் ஆகலாம். கிளையன்ட் மென்பொருளை யாராவது திருத்திவிட்டால் நிற்கவே நிற்காது. வரம்பை மாற்றுவதற்கு மட்டும் ரூட்டாக இருந்தால் போதாது. அந்தக் கிளையன்ட்டின் சாவியில் 'பி' என்ற தனி அனுமதி வேண்டும். அந்த ஓர் எழுத்தை எல்லாச் சாவிகளுக்கும் தாராளமாகக் கொடுத்து வைத்திருக்கிற நிர்வாகிகள், இன்றைக்கே ஒருமுறை பட்டியலைத் திறந்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.