கீழவளவு மலையும் இடித்த வீட்டு ஜல்லியும்

(திரையில்: மேலூர் அருகே கீழவளவு, பஞ்சபாண்டவர் மலை)

வணக்கம் நண்பர்களே. இந்தப் பாறையில் இருப்பது தமிழி எழுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, கூடவே சமண முனிவர்களின் கற்படுக்கைகள். இந்த வட்டாரத்தில்தான் கிரானைட்டுக்காகக் குன்று குன்றாக வெட்டித் தண்ணீர் தேங்கும் பள்ளங்களாக்கி விட்டார்கள். பாளமாக அறுத்தாலும் சரி, கிரஷரில் போட்டு ஜல்லியாக்கினாலும் சரி, போன மலை போனதுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் குவாரியே கூடாது, அப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாண்டினால்? படுக்கை தப்பிக்கும், ஆனால் ஊரை விட்டு விலகி முனிவர்கள் ஏன் இங்கே வந்து தங்கினார்கள் என்பதைக் காட்டும் மலைகள் கண் முன்னே காணாமல் போகும். பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 2024-இல் அந்த ஊரையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள், மக்கள் திரண்டு போராடிய பிறகுதான் 2025 ஜனவரியில் ரத்தானது. எல்லா மலைக்கும் இப்படி ஊர் திரண்டு வர முடியாது. ஜல்லிக்கான தேவையையே குறைத்தாக வேண்டும்.

(திரையில்: இடித்த வீடு, டிராக்டரில் ஏறும் இடிபாடு)

பழைய கட்டடத்தை இடித்தால் வரும் கான்கிரீட் கட்டியைக் கண்மாயிலோ சாலையோரத்திலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்குள் இருப்பதும் ஏதோ ஒரு மலையின் ஜல்லிதானே? கம்பியைப் பிரித்து, உடைத்து, சலித்தால் திரும்பப் பயன்படும். ஒட்டியிருக்கும் பழைய கலவை தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் எல்லா வேலைக்கும் முழுக்கப் போட முடியாது, அது உண்மை. ஆனால் எவ்வளவு போடலாம் என்று இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 383 2016-லேயே சொல்லிவிட்டது: கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைக் குறியீடு, எண் கூடினால் வலிமை கூடும்) 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25, எம்15-க்குக் கீழே என்றால் முழுவதுமே. தரைக்கு அடியில் போடும் பி.சி.சி.க்கு, அதாவது கம்பியில்லாத, வலிமை குறைந்த கான்கிரீட்டுக்கு, எதற்குப் புது மலை?

அதே 2016-இல் வந்த மத்திய அரசின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், அரசு, உள்ளாட்சி ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருளைக் கட்டாயமாக்கச் சொல்லியிருந்தன. உங்கள் வார்டில் அடுத்து சாலையோ வாய்க்காலோ போடும்போது டெண்டரில் அது எத்தனை சதவீதம் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.